அயர்லாந்து மேலவையில் ஒரு செனட்டர் எழுந்து பேசினால் என்ன ஆகும்?

மேலவை என்றதும் நமக்கு டெல்லியின் மாநிலங்களவைதான் நினைவுக்கு வரும். உலகச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அமெரிக்க செனட். இரண்டுமே பலமான அவைகள். மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாத மத்திய அரசு படும் பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். அமெரிக்க செனட் சம்மதிக்காவிட்டால் அதிபர் நியமிக்கும் நீதிபதிகூடப் பதவியேற்க முடியாது. இப்படிப்பட்ட அவைகளில் ஓர் உறுப்பினர் எழுந்து பேசினால், அவருடைய பேச்சைவிட அவர் கையிலுள்ள ஓட்டுக்குத்தான் எல்லோரும் மரியாதை கொடுப்பார்கள்.

அயர்லாந்து செனட்டின் கதை வேறு. டப்ளினில் லென்ஸ்டர் மாளிகை என்ற பழைய பிரபு வீட்டில் கூடும் அந்த அவையால் அரசைக் கவிழ்க்க முடியாது. பட்ஜெட்டைத் தடுக்க முடியாது. பிடிக்காத மசோதாவைச் சில மாதங்களுக்கு மேல் இழுத்தடிக்கவும் முடியாது. செனட்டருக்கு மிஞ்சுவது பேச்சும், மசோதாக்களில் கைவைக்கும் சின்னச் சின்ன உரிமைகளும்தான். அதனாலேயே, அவை விவாதத்தில் ஓர் உறுப்பினரின் பங்கு என்ன என்று புரிந்துகொள்ள இந்த அவை நல்ல பாடம். ஓட்டுப் பலத்தைக் கழித்துவிட்டால் பேச்சில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

யார் இந்த 60 பேர்?

மொத்தம் 60 செனட்டர்கள். இவர்களில் 43 பேர் ஐந்து துறைப் பட்டியல்களிலிருந்து வருகிறார்கள்: விவசாயத்துக்கு 11, தொழிலாளர் பட்டியலுக்கு 11, தொழில் வணிகத்துக்கு 9, நிர்வாகத்துக்கு 7, பண்பாடு கல்விக்கு 5. விவசாயம் தெரிந்தவர் விவசாய மசோதாவைப் பற்றிப் பேசுவார், ஆசிரியர் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவார் என்பது ஏற்பாட்டின் எண்ணம். நடைமுறையில் இந்த 43 பேரைத் தேர்ந்தெடுப்பது கீழவை உறுப்பினர்களும், பதவி முடியும் செனட்டர்களும், நாடெங்கும் உள்ள கவுன்சிலர்களும்தான். ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு, அதில் பெரும்பாலானவை கட்சிக்காரர்களுடையவை. ஆகவே விவசாயப் பட்டியலில் ஜெயிக்கிறவர் மண்ணில் கால் வைத்தவராக இருக்க வேண்டியதில்லை. கவுன்சிலர்களிடம் செல்வாக்கு இருந்தால் போதும். கீழவைத் தேர்தலில் தோற்றவர்கள் ஒதுங்கும் இடம், அடுத்த தேர்தலுக்கு நிற்கப்போகிறவர்கள் பழகும் இடம் என்று அந்த ஊரிலேயே கிண்டல் உண்டு.

6 பேரைப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். தேசியப் பல்கலைக்கழகத்துக்கு 3, டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்கு 3 என்பது நெடுநாள் வழக்கம். மற்ற கல்வி நிறுவனங்களில் பட்டம் வாங்கியவர்களுக்கும் இந்த ஓட்டைத் தரலாம் என்று 1979ல் மக்கள் பொது வாக்கெடுப்பில் சம்மதம் சொன்னார்கள். அப்புறம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த அரசும் அதற்குச் சட்டம் கொண்டுவரவில்லை. 2023ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது.

மீதி 11 பேரைப் பிரதமர் நியமிக்கிறார். நம் மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்கள் என்ற யோசனைக்கு மூலம் அயர்லாந்து அரசியல் சாசனம்தான். ஆனால் நம்முடைய சாசனம் இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று ஒரு தகுதியாவது சொல்கிறது. அயர்லாந்து சாசனம் இந்த 11 பேருக்கு அப்படி எதையும் கேட்பதில்லை. ஆளுங்கூட்டணிக்குப் பெரும்பான்மை சேர்க்கவே பெரும்பாலும் இந்த இடங்கள் பயன்படுகின்றன. நடுநடுவே நல்ல நியமனங்களும் நடந்திருக்கின்றன. 1987ல் வட அயர்லாந்தின் என்னிஸ்கில்லன் ஊரில் நடந்த குண்டுவெடிப்பில் மகளைப் பறிகொடுத்தும், செய்தவர்கள் மீது வன்மம் இல்லை என்று சொன்ன கார்டன் வில்சன், 1993ல் இந்த வழியில்தான் செனட்டரானார். 2020ல் நியமிக்கப்பட்ட ஐலீன் ஃபிளின், டிராவலர் என்ற நாடோடிச் சமூகத்திலிருந்து அயர்லாந்து நாடாளுமன்றத்துக்கு வந்த முதல் பெண்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் எந்த வழியாக வந்தார் என்பது அவர் எப்படிப் பேசுவார் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. கவுன்சிலர்கள் ஓட்டில் வந்தவருக்குக் கட்சியின் தயவு வேண்டும், கொறடாவின் பேச்சைக் கேட்டாக வேண்டும். பட்டதாரிகளின் ஓட்டில் வந்தவருக்கு அந்தக் கவலை குறைவு. ஊரே முகம் சுளிக்கும் விஷயத்தை அவையில் முதலில் எடுத்துப் பேசியவர்களில் பலர் அந்த ஆறு இடங்களிலிருந்து வந்தவர்கள் என்பது தற்செயல் கிடையாது.

90 நாள்தான் அவகாசம்

கீழவை நிறைவேற்றிய மசோதா வந்தால் செனட்டுக்கு 90 நாள் கெடு. நிறைவேற்றலாம், திருத்தலாம், நிராகரிக்கலாம், தொடாமலே வைத்திருக்கலாம். நிராகரித்தாலும் தொடாமல் விட்டாலும், கீழவை ஒரு தீர்மானம் போட்டால் அந்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியதாகவே கணக்கு. பண மசோதாவுக்கு 21 நாள்தான், அதிலும் பரிந்துரை மட்டுமே சொல்லலாம். கீழவையில் மூன்றில் ஒரு பங்கினரும் செனட்டில் பெரும்பான்மையினரும் சேர்ந்து, முக்கியமான ஒரு மசோதாவை மக்களின் முடிவுக்கு விடும்படி ஜனாதிபதியிடம் மனுக் கொடுக்கலாம் என்று சாசனத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. 1937ல் எழுதியது. இதுவரை ஒருமுறைகூடப் பயன்பட்டதில்லை.

செனட் அரசை எதிர்த்து நின்று ஜெயித்த அபூர்வமான தருணம் 1959ல் வந்தது. பிரதமர் ஈமன் டி வலேரா விகிதாசாரத் தேர்தல் முறையை எடுத்துவிட்டு, நம் நாட்டைப் போலத் தொகுதிக்கு ஒருவர் என்ற முறையைக் கொண்டுவர விரும்பினார். அதற்கான சாசனத் திருத்த மசோதா மேலவையில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. கீழவை வழக்கப்படி அதைத் தாண்டிப் போனது. ஆனால் சாசனத் திருத்தம் என்பதால் கடைசியில் மக்களிடம் போயாக வேண்டும். ஜூன் 17 அன்று மக்களும் வேண்டாம் என்றார்கள். அதே நாளில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அதே மக்கள் டி வலேராவை ஜெயிக்க வைத்தார்கள் என்பது தனி சுவாரஸ்யம்.

எங்கே பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம்?

செனட்டர் ஒருவர் பேசினார் என்று செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டியது, அவை நடவடிக்கையின் எந்தக் கட்டத்தில் பேசினார் என்பது. ஒரே வார்த்தைக்கு இடத்தைப் பொறுத்து எடை மாறும்.

காலையில் அன்றைய அலுவல் நிரலை முடிவு செய்யும் நேரம் உண்டு. பெயர்தான் அலுவல் நிரல். நடப்பதோ, ஆளுக்கு ஓரிரு நிமிடம் எழுந்து மனதில் இருப்பதைக் கொட்டுவது. ஊர் மருத்துவமனையில் படுக்கை இல்லை, காஸாவில் குழந்தைகள் சாகிறார்கள், எங்கள் மாவட்ட அணி கோப்பை வென்றது என்று எல்லாமே வரும். இதைப் பற்றி விவாதம் வைக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் விதிக்குப் பொருந்திவிடும். அவை முன்னவர் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்வார். உள்ளூர்ப் பத்திரிகையில் வரும் செய்திகளுக்கு இது நல்ல ஊற்று. சட்டம் இயற்றுவதில் இதன் பங்கு மிகக் குறைவு.

அதைவிடப் பயனுள்ளது, கூட்டத்தின் தொடக்கத்தில் குறிப்பிட்ட பொருளை எழுப்பும் நேரம். கீழவை உறுப்பினரைப் போல அமைச்சரிடம் எழுத்துமூலம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் உரிமை செனட்டருக்கு இல்லை. அதற்கு ஈடாக இது இருக்கிறது. செனட்டர் முன்கூட்டியே பொருளை எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வானால் அமைச்சரோ இணையமைச்சரோ அவைக்கு வந்து பதில் சொல்வார். ஒரு பள்ளிக் கட்டடம் ஏன் தாமதம், ஒரு மருந்துக்கு ஏன் அரசு உதவி இல்லை என்பது போன்ற கேள்விகளுக்கு ஏற்ற இடம். துறை அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததை அமைச்சர் அப்படியே வாசித்துவிட்டுப் போவதும் உண்டு. ஆனாலும் ஒரு தேதியோ தொகையோ அவர் வாயால் வந்துவிட்டால் அது பதிவாகிவிடும். ஆறு மாதம் கழித்து அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்கலாம்.

இனி மசோதாக்கள். ஒரு மசோதாவுக்கு ஐந்து கட்டங்கள். முதலாவது அறிமுகம். இரண்டாவதில் மசோதாவின் நோக்கம் சரியா தவறா என்ற பொது விவாதம். இங்கே ஒவ்வொருவருக்கும் ஒருமுறைதான் பேச வாய்ப்பு. செய்தித்தாளில் மேற்கோள் காட்டப்படும் பெரிய உரைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வருபவை. மூன்றாவது குழுக் கட்டம். நான்காவதில் திருத்தங்களை மறுபடி பார்ப்பார்கள். ஐந்தாவது முடிவு.

என்னைக் கேட்டால் மூன்றாவது கட்டம்தான் செனட்டின் உயிர். அதில் மசோதாவை ஷரத்து ஷரத்தாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரே ஷரத்தின் மேல் ஓர் உறுப்பினர் எத்தனை முறை வேண்டுமானாலும் எழலாம். அமைச்சரும் எதிரே உட்கார்ந்திருப்பார். கேள்வி, பதில், அந்தப் பதிலிலிருந்து இன்னொரு கேள்வி என்று போகும். ‘செய்யலாம்’ என்று இருக்கும் இடத்தில் ‘செய்ய வேண்டும்’ என்று போடச் சொல்லி அரை மணி நேரம் வாதாடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தூக்கம் வரும். ஆனால் உதவித்தொகை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த ஒரு வினைமுற்றில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் கட்டத்தில் செனட்டர்களைக் கடுப்பேற்றும் விதி ஒன்று உண்டு. அரசுக் கஜானாவுக்குச் செலவு வைக்கும் திருத்தத்தைச் செனட்டர் கொண்டுவரக் கூடாது. அவைத்தலைவர் அதை விவாதத்துக்கே எடுக்காமல் தள்ளிவிடுவார். ஏறக்குறைய எல்லா நல்ல காரியத்துக்கும் செலவு ஆகும் என்பதால், இந்த விதி நிறையத் திருத்தங்களை விழுங்கிவிடுகிறது. செனட்டர்கள் கண்டுபிடித்த மாற்றுவழி: சலுகை தரவேண்டும் என்று கேட்காமல், ‘இந்தச் சலுகையைத் தருவது பற்றி அமைச்சர் ஆறு மாதத்துக்குள் ஓர் அறிக்கையை அவைகளின் முன் வைக்க வேண்டும்’ என்று திருத்தம் கொடுப்பது. அறிக்கைக்குப் பெரிய செலவில்லை, அதனால் விதி தடுக்காது. அயர்லாந்து செனட் விவாதங்களைப் படிக்கும் புதியவருக்கு, இவர்கள் ஏன் எப்போதும் அறிக்கை அறிக்கை என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சலிப்பு வரலாம். காரணம் இதுதான்.

அமைச்சர் ஒரு திருத்தத்தை ஏற்பது அபூர்வம். அதைவிட அதிகம் நடப்பது, ‘இந்தக் கருத்தில் நியாயம் இருக்கிறது, அடுத்த கட்டத்துக்குள் பரிசீலிக்கிறேன்’ என்று அவர் சொல்வதும், செனட்டர் தன் திருத்தத்தைத் திரும்பப் பெறுவதும். சில சமயம் அமைச்சர் அதே கருத்தைத் தன் துறை வரைந்த சொற்களில், தன் பெயரிலேயே கொண்டுவருவார். அப்போது வாக்கெடுப்புப் பட்டியலை மட்டும் பார்த்தால் அந்தச் செனட்டரின் பெயரே இருக்காது. உரையாடலைப் படித்தால்தான் யாருடைய யோசனை என்று தெரியும். பரிசீலிப்பதாகச் சொல்லிவிட்டு மறந்துவிடும் அமைச்சர்களும் உண்டு. அவையில் அமைச்சர் தரும் விளக்கம் நீதிமன்றத்தில் செல்லுமா என்று கேட்பீர்கள். சட்டத்தின் பொருளைத் தீர்மானிக்க அவை விவாதத்தைத் துணைக்கு அழைக்கக் கூடாது என்று அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 2001ல் சொல்லிவிட்டது. ஆக அந்த வாக்குறுதிக்கு அரசியல் மதிப்பு மட்டுமே.

செனட்டர் கொண்டுவரும் மசோதா

அரசைச் சாராத உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம். இங்கேதான் மேரி ராபின்சனின் கதை வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1969ல் டிரினிட்டி கல்லூரியின் பட்டதாரிகள் அவரைத் தேர்ந்தெடுத்தபோது ராபின்சனுக்கு வயது 25. அன்று அயர்லாந்தில் கருத்தடைச் சாதனங்களை விற்பதும் விற்பனைக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் குற்றம். 1935ல் போட்ட சட்டம். கத்தோலிக்கத் திருச்சபையின் சொல்லுக்கு மறுசொல் இல்லாத காலம். 1971ல் ராபின்சன், ஜான் ஹோர்கன், டிரெவர் வெஸ்ட் என்ற இன்னும் இரு பல்கலைக்கழகச் செனட்டர்களோடு சேர்ந்து அந்தத் தடையை நீக்க மசோதா கொண்டுவந்தார். அந்த ஆண்டு மே மாதம் பெண்ணுரிமைக்காரர்கள், பிரிட்டனின் கீழ் இருந்ததால் இந்தத் தடை இல்லாத வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கு ரயில் ஏறிப் போய், கருத்தடைச் சாதனங்களை வாங்கிக்கொண்டு டப்ளின் ரயில் நிலையத்தில் எல்லோர் கண் முன்னாலும் இறங்கியிருந்தார்கள். விஷயம் சூடாக இருந்த நேரம்.

செனட் என்ன செய்தது? மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தோற்கடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. முதல் கட்டமான அறிமுகத்துக்கே அனுமதி மறுத்தது. அனுமதி இல்லையென்றால் மசோதா அச்சாகாது. அச்சாகாவிட்டால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பொதுமக்களுக்கு முறைப்படி தெரியவே வராது. விவாதமும் கிடையாது. ஒரு கருத்தை எதிர்க்க இதைவிட வசதியான வழி இல்லை. ராபின்சனுக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. டப்ளின் பேராயரின் கண்டனக் கடிதம் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது.

இரண்டாம் முறை முயன்றபோது மசோதா அச்சானது, விவாதம் நடந்தது, 1974ல் வாக்கெடுப்பில் தோற்றது. தோல்விதான். ஆனால் 1971 தோல்விக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இம்முறை ஒவ்வொரு செனட்டரும் எழுந்து தன் காரணத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 1973 டிசம்பரில், திருமணமான தம்பதி தங்கள் சொந்த உபயோகத்துக்குக் கருத்தடைச் சாதனம் வரவழைப்பதைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1974 ஜூலையில் அரசே ஒரு மசோதா கொண்டுவந்தது. அதைப் பிரதமர் லியாம் காஸ்கிரேவ் தானே எதிர்த்து ஓட்டுப் போட்டுக் கீழவையில் தோற்கடித்த கூத்தும் நடந்தது. 1979ல் மருத்துவர் சீட்டு இருந்தால் வாங்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. 1985ல் 18 வயதானவர்கள் சீட்டு இல்லாமல் ஆணுறை வாங்கலாம் என்று தளர்ந்தது. ராபின்சன் 1989 வரை செனட்டில் இருந்து, 1990ல் நாட்டின் ஜனாதிபதியானார்.

அவர் பேசியதால்தான் சட்டம் மாறியது என்று நான் சொல்லமாட்டேன். நீதிமன்றம் இருந்தது, பெண்கள் இயக்கம் இருந்தது, காலமும் மாறிக்கொண்டிருந்தது. நாடாளுமன்றத்துக்குள் அந்தப் பேச்சை முதலில் எடுத்தது அவருடைய மசோதா, அவ்வளவு சொல்லலாம்.

செனட்டரின் வேலை அவைக்குள் முடிந்துவிடுவதில்லை என்பதற்கும் ராபின்சனே சாட்சி. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய பழைய ஆங்கிலேயச் சட்டத்தை எதிர்த்து டேவிட் நாரிஸ் என்ற டிரினிட்டி விரிவுரையாளர் போட்ட வழக்கில் அவர் வழக்கறிஞர். 1983ல் அயர்லாந்து உச்ச நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார்கள். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் இருந்தபோதே, 1987ல் நாரிஸ் அதே டிரினிட்டி தொகுதியிலிருந்து செனட்டரானார். 1988ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஒரு செனட்டருக்காக இன்னொரு செனட்டர் வாதாடி வென்ற வழக்கு. சட்டம் மாற மேலும் ஐந்தாண்டு ஆனது. 1993ல் அந்த மசோதா மேலவைக்கு வந்தபோது, அதுவரை சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாக இருந்த ஒருவர் உறுப்பினராக எழுந்து அதைப் பற்றிப் பேசினார். நாரிஸ் 2024 தொடக்கம் வரை செனட்டில் இருந்தார்.

எல்லா மசோதாவும் இவ்வளவு காலம் பிடிப்பதில்லை. 2012ல் ஜான் கிரவுன் என்ற புற்றுநோய் மருத்துவர், மார்க் டேலி, ஜிலியன் வான் டர்ன்ஹவுட் ஆகிய செனட்டர்களோடு சேர்ந்து, குழந்தைகள் இருக்கும் காருக்குள் புகைபிடிப்பதைத் தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசு எதிர்க்கவில்லை. சொற்களைத் திருத்தி எடுத்துக்கொண்டது. 2014ல் சட்டமாகி 2016 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. அயர்லாந்து சைகை மொழிக்குச் சட்ட அங்கீகாரம் தரும் 2017 சட்டமும் மார்க் டேலியின் மசோதாவாகச் செனட்டில் தொடங்கியதுதான். செலவு குறைவு, எதிர்ப்புக் குறைவு, அரசு சிறுபான்மையாக இருக்கிறது: இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் செனட்டரின் மசோதாவுக்கு உயிர் பிழைக்க வாய்ப்பு உண்டு.

மசோதா இல்லாத பேச்சு

சில உரைகளுக்குப் பின்னால் மசோதாவும் இருக்காது, ஓட்டும் இருக்காது. இதில் எல்லோரும் சொல்லும் உதாரணம் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ். 1922ல் சுதந்திர அரசு அமைந்தபோது உருவான பழைய செனட்டில் அவர் நியமன உறுப்பினர், 1928 வரை இருந்தார். விவாகரத்து கோரும் மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்குள் வரவே கூடாது என்று அரசு முடிவெடுத்ததை எதிர்த்து 1925 ஜூன் 11 அன்று பேசினார். கத்தோலிக்கக் கருத்துகளை மட்டும் வைத்து இந்த நாட்டை ஆண்டால் பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்து ஒருபோதும் நம்மோடு சேராது என்பது அவர் வாதம். அதோடு நிறுத்தியிருக்கலாம். தன் சிறுபான்மைப் புராட்டஸ்டன்ட் கூட்டத்தின் பெருமையைக் கொஞ்சம் அதிகமாகவே பேசி, அவையில் பலரைக் கோபப்படுத்தினார். நாங்கள் அற்பமான கூட்டம் இல்லை என்ற அந்த வரி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பேச்சாக அது அபாரம், எதிரிலிருப்பவர் மனதை மாற்றும் வழியாக மோசம். விவாகரத்துத் தடை 1937 சாசனத்திலேயே ஏறியது. 1986ல் மக்கள் அதை நீக்க மறுத்து, 1995ல் 9,114 ஓட்டு வித்தியாசத்தில் நீக்கினார்கள். யேட்ஸ் பேசி எழுபது ஆண்டு கழித்து.

எனக்கு அவரைவிட ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டனைப் பிடிக்கும். அவரும் டிரினிட்டிக்காரர். பள்ளிகளில் பிரம்படியை எதிர்த்து 1950களில் செனட்டில் விடாமல் பேசினார். பெற்றோரிடமிருந்து வந்த விவரங்களை வைத்துக்கொண்டு, அரசின் சொந்த விதிகளே மீறப்படுவதைக் காட்டினார். கல்வி அமைச்சகம் அசைந்து கொடுக்கவில்லை. 1970ல் அவர் இறந்தபோதும் பிரம்பு இருந்தது. 1982ல்தான் அரசு தடை செய்தது. அவர் உரைகளில் யேட்ஸின் மின்னல் கிடையாது. விவரம் இருக்கும், விதி எண் இருக்கும்.

செனட்டர் அவையில் சொல்வதற்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று சாசனம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் சொன்னதெல்லாம் ஏட்டில் ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம். 1942ல் சர் ஜான் கீன் என்ற செனட்டர் புத்தகத் தணிக்கைக் குழுவுக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். தடை செய்யப்பட்ட ஒரு புத்தகத்தின் பகுதிகளை அவையில் உரக்க வாசித்தார். ‘இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது, நீங்களே கேளுங்கள்’ என்பது அவர் உத்தி. அவைக்குறிப்பில் அந்தப் பகுதிகள் இல்லை. செனட்டர் புத்தகத்திலிருந்து மேற்கோள் காட்டினார் என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. தணிக்கையைப் பற்றிய விவாதமே தணிக்கையானது. கீன் தன் வாதத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கேட்டிருக்க முடியாது.

இப்படி ஓர் அவை தேவையா?

இந்தக் கேள்வி அங்கே ஒருபோதும் ஓய்ந்ததில்லை. பழைய செனட்டை டி வலேரா 1936ல் ஒழித்தார். அடுத்த ஆண்டே தன் புதிய சாசனத்தில் வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்தார். 2009ல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த எண்டா கென்னி செனட்டை ஒழிப்பேன் என்று அறிவித்து, பிரதமரான பிறகு மக்களிடம் கேட்டார். அதற்கு முன் அந்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேற வேண்டும். செனட் தன்னை ஒழிக்கும் மசோதாவைத் தானே நிறைவேற்றிக் கொடுத்தது. 2013 அக்டோபர் 4 அன்று 51.7 சதவீத மக்கள் ஒழிக்க வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்கள் நாற்பது சதவீதம்கூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையின் செனட் 1971லும் தமிழ்நாட்டின் சட்ட மேலவை 1986லும் போனபோது, இரண்டு இடத்திலும் மக்களிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒழிக்க வேண்டும் என்றவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆண்டு முழுக்க நடக்கும் கூட்டங்களில் பெரும்பகுதி ஆளுங்கட்சிச் செனட்டர்கள் அமைச்சரைப் பாராட்டிவிட்டு உட்காருவதிலேயே போகிறது. கீழவையில் கேட்ட அதே உரையை இங்கே இன்னொரு முறை கேட்கலாம். கல்வித் தகுதியை வைத்து ஓட்டுரிமை என்பதும் இந்தக் காலத்தில் நியாயப்படுத்தக் கடினமானது. அந்த ஓட்டில்தான் ராபின்சனும் நாரிஸும் ஷீஹி ஸ்கெஃபிங்டனும் வந்தார்கள் என்பது இதில் உள்ள சங்கடம்.

ஒரு செனட்டரின் பதிவைப் படிப்பது எப்படி?

1922 முதல் நடந்த விவாதங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயரைப் போட்டால் ஒருவர் பேசியது முழுக்க வரும். அவர் எத்தனை முறை பேசினார் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் பத்திரிகைகளுக்கு உண்டு. அந்த எண்ணிக்கையால் பெரிய பயன் இல்லை. காலையில் தினம் ஓரிரு நிமிடம் எழுந்தால் கணக்கு எகிறிவிடும். குழுக் கட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை திருத்தம் கொடுத்தார், அமைச்சரின் பதிலுக்குப் பிறகு மறுபடி எழுந்தாரா, இரண்டாம் முறை கேட்ட கேள்வி முதல் கேள்வியைவிடக் கூர்மையாக இருந்ததா என்று கவனியுங்கள். தன் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகும் அதே கேள்வியைக் கேட்டாரா என்பதையும் பார்த்துவிடுங்கள். அங்கே பலரது குட்டு வெளிப்பட்டுவிடும்.

சமீபத்திய உதாரணம் ஒன்றைத் தொடர்ந்து படிக்க விரும்புகிறவர்கள் பிரான்சஸ் பிளாக்கின் மசோதாவை எடுத்துக்கொள்ளலாம். அவர் பாடகி, 2016ல் சுயேச்சையாகச் செனட்டுக்கு வந்தவர். ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் உள்ள குடியேற்றங்களிலிருந்து வரும் சரக்குகளையும் சேவைகளையும் வாங்கத் தடை விதிக்கும் மசோதாவை 2018 ஜனவரியில் முன்வைத்தார். பாலஸ்தீனப் பகுதிகளிலுள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்கள்தான் குறி. வர்த்தகக் கொள்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரம், தனியாக ஒரு நாடு தடை போட முடியாது என்று அரசு எதிர்த்தது. அப்படியும் 2018 ஜூலையில் இரண்டாம் கட்டம் 25க்கு 20 என்று ஜெயித்து, டிசம்பரில் செனட்டில் முழுமையாக நிறைவேறியது. 2019 தொடக்கத்தில் கீழவையும் இரண்டாம் கட்டத்தில் ஆதரித்தது. பிறகு அரசு அதை நகரவிடாமல் வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தது.

2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் அந்த ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று கருத்துரை வழங்கியது. அதன்பின் அரசுக்குக் கிடைத்த சட்ட ஆலோசனையும் மாறியது. 2025ல் அரசு தன் சொந்த மசோதாவின் வரைவை வெளியிட்டது. அதில் சரக்குகள் இருந்தன, சேவைகள் இல்லை. சேவைகளையும் சேர்க்க வேண்டும் என்ற வாதத்தை முன்னெடுத்தவர்களில் பிளாக்கும் ஒருவர். ஐரோப்பியச் சட்டம் இடம் தராது என்று 2018ல் அமைச்சர் சொன்ன மறுப்புரை இன்றும் செனட்டின் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது.